கருப்பு வெள்ளைப் படத்துக்கு உடை: யாரிடம் கற்பது, சென்னையில் எப்படித் தைப்பது

கேள்வி சுருக்கமாக இது. 1955 வாக்கில் மயிலாப்பூரில் நடக்கும் கதை, இருபது நிமிடக் குறும்படம், டிஜிட்டலில் எடுத்துக் கருப்பு வெள்ளையாக மாற்றப் போகிறார்கள். நாட்டியம் ஆடும் கதாநாயகி, குமாஸ்தா வேலை பார்க்கும் அண்ணன், மடிசார் கட்டும் பாட்டி, நடுவில் ஒரு மேடைக் கச்சேரி. பழைய சினிமாவின் பெரிய உடை வடிவமைப்பாளர்களில் யாருடைய வேலையைப் பார்க்க வேண்டும், அதில் எதை இங்கே செய்து பார்க்க முடியும் என்று கேட்டிருக்கிறார்கள்.

பெயர்கள் சொல்வது சுலபம்: ஹாலிவுட்டின் எடித் ஹெட், ஏட்ரியன், ஓரி கெல்லி, ஜான் லூயி, வால்ட்டர் பிளங்கெட், இத்தாலியின் பியரோ டோசி, நம்மில் பானு அத்தையா. ஆனால் இவர்கள் வரைந்த ஸ்கெட்சுகளைப் பார்த்து அப்படியே தைக்கச் சொன்னால் ஒன்றும் தேறாது. ஸ்கெட்ச் தயாரிப்பாளரிடம் ஒப்புதல் வாங்குவதற்கு. உண்மையான வேலை அதற்குப் பிறகு நடக்கிறது: இந்தத் துணி இந்தப் பிலிமில் என்ன சாயலில் (வெளிரா, அடர்வா) பதியும், இந்த உடம்பில் எங்கே இறுகும், இந்த அசைவில் எப்படி விழும். இந்த மூன்றுக்கும் விடை தெரிந்ததால்தான் அவர்கள் பெரிய ஆட்கள். ஆகவே ஆள் ஆளாகப் பிரிக்காமல், உங்களுக்கு எந்தச் சிக்கல் வருமோ அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் சாயல். கருப்பு வெள்ளையில் நிறம் கிடையாது. எவ்வளவு வெளிச்சம் திரும்பி வருகிறது என்பது மட்டுமே பதியும். மௌனப்பட காலத்து ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்புத் துணி கரியாகப் பதியும், நீலம் வெள்ளைக்குப் பக்கத்தில் போய் நிற்கும். 1920களின் பிற்பகுதியில் எல்லா நிறத்தையும் உணரும் பான்குரோமாட்டிக் பிலிம் பரவியதும் நிலைமை சீரானது என்றாலும், சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகப் பதியும் தொல்லை போகவில்லை. உங்கள் டிஜிட்டல் காமிராவிலும் அது அப்படியே இருக்கிறது. அரக்குச் சிவப்பு உடலும் கரும்பச்சை பார்டரும் போட்ட பட்டுப்புடவை கண்ணுக்கு எவ்வளவு எடுப்பு! அதையே கருப்பு வெள்ளையில் எடுங்கள், பார்டர் காணாமல் போய்விடும். ஜரிகைக் கோடு மட்டும் அந்தரத்தில் தொங்கும். காஞ்சிபுரப் புடவை கட்டி எடுத்தோம், ஏதோ சாதா புடவை மாதிரி இருக்கிறது என்று பலர் குழம்புவதற்குக் காரணம் இதுதான்.

எடித் ஹெட்டை இங்கேதான் பார்க்க வேண்டும். எட்டு ஆஸ்கர், முப்பத்தைந்து பரிந்துரை. அவ்வளவு வாங்கிய உடை வடிவமைப்பாளர் வேறு யாரும் இல்லை. அவருடைய அடையாளமாகிவிட்ட அந்த வட்டக் கண்ணாடி தொடக்கத்தில் நீலக் கண்ணாடி. துணியின் நிறத்தை அமுக்கி, சாயலை மட்டும் பார்ப்பதற்காகப் போட்டது. உடை வடிவமைப்புக்கு ஆஸ்கர் தொடங்கியது 1948-ஆம் ஆண்டுப் படங்களுக்கு. அப்போதே கருப்பு வெள்ளைக்கு ஒன்று, வண்ணத்துக்கு ஒன்று என்று இரண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள். இரண்டும் வேறு வேறு கைவேலை என்று தொழில் தெரிந்தவர்கள் ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

நீலக் கண்ணாடிக்கு நீங்கள் தேடி அலைய வேண்டாம், போன் போதும். துணிக்கடைக்குப் போகும்போது போன் காமிராவை மோனோவில் (கருப்பு வெள்ளையில்) வைத்துக்கொள்ளுங்கள். வெளிர் சாம்பலில் இருந்து கரி வரை பத்துப் படி உள்ள ஒரு அட்டையை அச்சடித்துக் கையில் வையுங்கள். துணித்துண்டு, அட்டை, நடிகையின் முன்கை மூன்றையும் ஒரே பிரேமில் எடுங்கள். கை சேர வேண்டியது அவசியம், ஏனென்றால் உடையின் சாயல் எது என்பதைத் தோல்தான் தீர்மானிக்கிறது. புடவைக்கும் ரவிக்கைக்கும் குறைந்தது இரண்டு படி வித்தியாசம், புடவைக்கும் பின்னால் வரும் சுவருக்கும் இரண்டு படி, தோலுக்கும் ரவிக்கைக்கும் ஒரு படியாவது வேண்டும். ரவிக்கை தோலின் படியிலேயே உட்கார்ந்துவிட்டால் தூரக் காட்சியில் ரவிக்கையே போடாதது போல் தெரியும். கடைசி முடிவை மட்டும் போனில் எடுக்காதீர்கள். படம் எடுக்கும் காமிராவில், அதே விளக்கில், ஒளிப்பதிவாளர் எந்த முறையில் நிறத்தை நீக்கப் போகிறாரோ அதே முறையில் ஒரு சோதனை எடுத்துப் பாருங்கள். சிவப்பைத் தூக்கி மாற்றினால் அரக்கு வெளுக்கும், நீலத்தைத் தூக்கினால் அதே அரக்கு கரியாகும். துணி வாங்கிய பிறகு அவர் அமைப்பை மாற்றினால் உங்கள் உழைப்பெல்லாம் வீண்.

ஓரி கெல்லி உடை அமைத்த ‘ஜெஸபெல்’ (1938) படத்தைக் கட்டாயம் பாருங்கள். கன்னிப்பெண்கள் வெள்ளை உடுத்தி வர வேண்டிய நடன விருந்துக்குக் கதாநாயகி சிவப்பு கவுனில் வருகிறாள். கதையின் முடிச்சே அந்தச் சிவப்பு. படமோ கருப்பு வெள்ளை. பார்க்கிறவர்களுக்குச் சிவப்பு எப்படித் தெரிந்தது? சுற்றியுள்ள எல்லாரும் வெளிர் நிறத்தில், மெல்லிய, ஒளியை ஊடுருவ விடும் துணியில். அவள் ஒருத்தி மட்டும் கனத்த, பளபளக்கும், அடர்ந்த சாயலில். நிறத்தைக் காட்டாமல் நிறத்தை நம்ப வைத்தது அந்த எதிர்நிலைதான். உங்கள் மேடைக் காட்சிக்கு இந்த ஒரு பாடமே போதும். முன்வரிசையில் உட்காருகிற பத்துப் பேருக்கும் நடுச் சாம்பல் பருத்தி கொடுத்துவிடுங்கள், ஆடுகிறவளுக்கு மட்டும் பட்டு. உள்ளூர் பாடம் வேண்டுமானால் ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ (1958) போட்டி நடனத்தை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பத்மினியையும் வைஜயந்திமாலாவையும் தூரக் காட்சியிலும் குழப்பமில்லாமல் பிரித்துக் காட்டுவதில் உடைக்கு எவ்வளவு பங்கு என்று நிறுத்தி நிறுத்திக் கவனியுங்கள்.

அடுத்தது வெள்ளை. 1955 மயிலாப்பூர் என்றாலே வேட்டியும் வெள்ளைச் சட்டையும்தான், அங்கேதான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள். சலவை வெள்ளை காமிராவில் கொதிக்கும். மடிப்பு, நூல், பட்டி எல்லாம் கரைந்து, ஒரு காகிதத் துண்டு நடந்து வருவதாக இருக்கும். இன்றைய சலவைத்தூளில் வெண்மை ஏற்றும் ரசாயனம் வேறு சேர்கிறது, சில விளக்குகளில் அது நீலமாக மினுங்கும். ஏட்ரியன் உடை அமைத்த ‘தி விசார்ட் ஆஃப் ஆஸ்’ (1939) வண்ணப்படம். அதில் கதாநாயகி டோரத்தியின் வெள்ளை ரவிக்கை உண்மையில் வெளிர் ரோஜா நிறம். அந்தக் கால வண்ணப்பட முறையான டெக்னிகலரில் அசல் வெள்ளை கூசும் என்பதால் அப்படி. வெள்ளையாகத் தெரிய வேண்டுமானால் வெள்ளையைப் போடக் கூடாது என்பது ஸ்டூடியோக்களின் பழைய விதி.

இங்கே அதற்கு டீத்தண்ணி போதும். ஒரு எட்டு முழ வேட்டிக்கு ஐந்து லிட்டர் தண்ணீர், நாற்பது கிராம் டீத்தூள். பத்து நிமிடம் கொதிக்க வைத்து இரண்டு தடவை வடிகட்டி, இரண்டு மேசைக்கரண்டி கல் உப்பு கரையுங்கள். வேட்டியை முன்னதாகவே அலசி, ஈரமாக, முழுக்க விரித்து உள்ளே விடுங்கள். இரண்டு நிமிடம் கையால் ஓயாமல் புரட்டுங்கள், எடுத்து அலசி நிழலில் உலர்த்துங்கள், மோனோவில் பாருங்கள். போதாவிட்டால் மறுபடி இரண்டு நிமிடம். ஒரேயடியாகப் பத்து நிமிடம் ஊறப் போட்டால் காப்பிக் கறை பட்ட வேட்டிதான் கிடைக்கும். திட்டுத் திட்டாகப் பிடித்தால் மூன்று காரணங்களில் ஒன்று: காய்ந்த துணியை அப்படியே முக்கியிருப்பீர்கள், மடித்தபடி போட்டிருப்பீர்கள், அல்லது புதுத் துணியின் ஆலைக் கஞ்சி போகாமல் இருந்திருக்கும். புதுத் துணியை வெந்நீரில் சோப்புப் போட்டு ஒரு நாள் ஊற வைத்து அலசிய பிறகே சாயத்துக்குப் போக வேண்டும். சட்டையைத் தைத்த பின் டீயில் போடுவதானால் பருத்தி நூலில் தைக்கச் சொல்லுங்கள். பாலியஸ்டர் நூல் சாயம் ஏறாமல் வெள்ளைக் கோடாக நின்று, ஒவ்வொரு தையலையும் காட்டிக்கொடுக்கும்.

சாயலுக்கு அடுத்தது உடம்பு. ஏட்ரியனிடம் நடிகை ஜோன் க்ராஃபோர்ட் வந்தபோது அகன்ற தோள் ஒரு குறையாகப் பார்க்கப்பட்டது. அவர் அதை மறைக்கவில்லை. தோளில் பேடு வைத்து இன்னும் அகலமாக்கினார், இடுப்பு தானாகச் சிறுத்துத் தெரிந்தது. அதே மனிதர் ஜீன் ஹார்லோவுக்கு ‘டின்னர் அட் எய்ட்’ (1933) படத்தில் வெள்ளை சாட்டினைக் கிராஸ் கட்டில் (நூலோட்டத்துக்குச் சாய்வாக) வெட்டி, ஒட்டினாற்போல் வழிய விட்டார். ஒரே ஸ்டூடியோ, ஒரே கை, இரண்டு உடம்புக்கு நேர் எதிரான இரண்டு விடை.

ஜான் லூயி ‘கில்டா’வில் (1946) ரீட்டா ஹேவொர்த்துக்குத் தைத்த கருப்பு சாட்டின் கவுனைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். தோளில் பட்டையே கிடையாது. அவர் கையை வீசி ஆடுகிறார், கையுறையைக் கழற்றுகிறார், தலையைப் பின்னால் எறிகிறார். கவுன் ஒரு நூல்கூட இறங்கவில்லை. உள்ளே ஒரு கச்சு இருக்கிறது. நடுவில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று விறைப்பான பட்டைகள். மேல் விளிம்பில் பிளாஸ்டிக்கை கேஸ் அடுப்புச் சுடரில் இளக்கி, அவர் மார்பின் வளைவுக்கே வார்த்துப் பொருத்தியிருந்தார்கள். இடுப்பில் ஒரு பக்கமாகப் பெரிய முடிச்சு விழுகிறதே, அது வெறும் அழகுக்கு அல்ல. ஹேவொர்த்துக்குக் குழந்தை பிறந்து அதிக நாள் ஆகவில்லை, வயிறு தெரியாமல் இருக்க வைத்த முடிச்சு அது. வெளியே பார்த்தால் துணி தானாக நிற்பதாகத் தோன்றும், உள்ளே இரும்பு வேலை நடந்திருக்கும். என் கணிப்பில் அந்தக் காலத்து ஹாலிவுட்டின் மிகச் சிறந்த தையல் வேலை இந்த ஒரு கவுன்தான்.

எடித் ஹெட் ‘சப்ரினா’வுக்கு (1954) ஆஸ்கர் வாங்கினார். ஆனால் அந்தப் படத்தில் ஆட்ரி ஹெப்பர்ன் பாரிஸில் இருந்து திரும்பிய பின் அணியும் முக்கிய உடைகள் பாரிஸ் உடை வடிவமைப்பாளர் ஜிவான்ஷியிடமிருந்து வந்தவை. ஜிவான்ஷியின் பெயர் திரையில் வரவில்லை. ஹெப்பர்னின் மெலிந்த கழுத்தெலும்புப் பள்ளத்தை மறைக்க வந்த அந்தக் கழுத்துதான் நம் தையல்காரர்கள் இன்றைக்குப் போட் நெக் என்று வெட்டுவது. பெயர் விட்டுப்போகும் கதை உலகம் முழுக்க உண்டு. உங்கள் டைட்டிலில் தையல்காரர் பெயரையும் போடுங்கள்.

இப்போது உங்கள் கதாநாயகியின் ரவிக்கை. இன்றைய தையல்காரரிடம் அளவு ரவிக்கையை மட்டும் கொடுத்தால் 1955 வராது. ஆழமான முதுகுக் கழுத்து, பிரின்சஸ் கட், உள்ளே கப் வைத்துத் தைப்பது எல்லாம் பின்னால் வந்த பழக்கங்கள். நீங்கள் கேட்க வேண்டியது: வட்டக் கழுத்து, முன்னால் ஐந்தரை முதல் ஆறு அங்குலம், முதுகில் மூன்றரை முதல் நாலு அங்குலம் இறக்கம். முன்னால் ஹூக்கு. மார்புக்கு கட்டோரி (கிண்ணம் போல் தனித் துண்டு) வெட்டு அல்லது டாட் பிடித்த கிராஸ் கட். கை முழங்கைக்குச் சற்று மேலே, பத்து அங்குலம். அல்லது சின்ன பஃப் கை. 36 அங்குல அகலத் துணியில் ஒரு மீட்டர், லைனிங்குக்கு மல் துணி அதே அளவு. பஃப் கைக்குச் சுருக்கம் தோளின் உச்சியில் மட்டும் வர வேண்டும்; அக்குள் வரை சுற்றிச் சுருக்கினால் குழந்தை கவுன் ஆகிவிடும். மார்பின் வடிவம் ரவிக்கையால் மட்டும் வராது, உள்ளாடையும் அந்தக் காலத்து வெட்டில் இருக்க வேண்டும். ஐம்பதுகளின் கூம்பு வடிவத்துக்குப் பருத்தியில் வட்ட வட்டமாகத் தையல் ஓட்டிய பாடி தைத்துக் கொடுங்கள். வழவழப்பான மோல்டட் உள்ளாடைமேல் எவ்வளவு நல்ல ரவிக்கை போட்டாலும் ஆண்டு தவறிவிடும்.

பியரோ டோசி இந்த விஷயத்தில் பிடிவாதக்காரர். இயக்குநர் விஸ்கோந்தியின் ‘தி லெப்பர்ட்’ (1963) படத்து நீண்ட நடன விருந்தைப் பாருங்கள். கண்ணுக்கே தெரியாத உள் அடுக்குகளும் கார்செட்டும் சரியாக இருப்பதால்தான் அங்கே பெண்கள் உட்காருவதும் மூச்சு வாங்குவதும் வேறாக இருக்கிறது. நமக்கு அது பாவாடை. எலாஸ்டிக் வைத்த இறுக்கமான மீன்வால் பாவாடை வேண்டவே வேண்டாம். நாடா போட்ட, ஆறு துண்டு வெட்டிய பருத்திப் பாவாடை இருந்தால்தான் கொசுவம் அந்தக் காலத்துப் படங்களில் விழுவது போல விரிந்து விழும். பாட்டிக்கு மடிசார் என்பதால் பாவாடையே இல்லை. ஒன்பது கெஜமே உள்ளும் புறமும். ஆறு கெஜத்தை வைத்து ஒப்பேற்றிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். ரெடிமேடாகத் தைத்த மடிசார் நிற்கும்போது சரியாக இருக்கும், பாட்டி தரையில் உட்கார்ந்து எழுந்தால் குட்டு வெளிப்படும்.

அண்ணன் குமாஸ்தா. பேண்ட் போடுகிறவர் என்றால் இடுப்பு தொப்புளில் உட்கார வேண்டும், முன்னால் பக்கத்துக்கு இரண்டு பிளீட், கீழ்ச் சுற்று இருபது முதல் இருபத்திரண்டு அங்குலம், 58 அங்குல அகலத் துணியில் ஒன்றரை மீட்டர். சட்டைக்கு 36 அங்குல அகலத்தில் இரண்டே முக்கால் மீட்டர். தோள்பட்டைத் தையல் தோளுக்கு ஓர் அங்குலம் வெளியே இறங்கட்டும், உடம்பைப் பிடிக்கக் கூடாது. காலருக்கு ஃப்யூசிங் (தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும் விறைப்புத் துணி) ஒட்ட வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஒட்டிய காலர் அட்டை மாதிரி ஒரே தட்டையாக நிற்கும். உள்ளே தனித் துணி வைத்துத் தைத்து, கஞ்சி போட்டுத் தேய்த்தால் விளிம்பில் லேசான அலை வரும், அந்தக் காலத்துக் காலருக்கு உயிரே அதுதான். கஞ்சிக்கு இரண்டு மேசைக்கரண்டி ஜவ்வரிசி, ஒன்றரை லிட்டர் தண்ணீர். கண்ணாடியாகும் வரை காய்ச்சி, துணியில் வடிகட்டி, பாதி ஈரத்தில் தேயுங்கள். வடிகட்டாமல் விட்டால் கட்டி கட்டியாக வெள்ளைப் புள்ளி பூக்கும். மெல்லிய கோடு, பொடிக் கட்டம் போட்ட சட்டைத் துணியை வாங்கும் முன் படக் காமிராவில் சோதியுங்கள். டிஜிட்டலில் அலையலையாக நெளியும். பிலிமில் இல்லாத புதுத் தொல்லை இது.

துணி வகையில் ஒரே கட்டளை: பாலியஸ்டர் கூடாது. டெரிலின், டெரிகாட்டன் மோகமெல்லாம் நம் ஊரில் அறுபதுகளிலும் அதன் பிறகும்தான். கடைக்காரர் காட்டன் என்பார். நீங்கள் நாலு நூலை உருவித் தீயில் காட்டுங்கள். காகிதம் கருகும் வாசனையும் மெல்லிய சாம்பலும் வந்தால் பருத்தி, முடி கருகும் நாற்றம் வந்தால் பட்டு, உருகிக் கெட்டியான உருண்டை ஆனால் பாலியஸ்டர் கலந்தது. ஜரிகையிலும் கவனம் வேண்டும். பிளாஸ்டிக் ஜரிகை விளக்கில் புள்ளி புள்ளியாக மின்னும். பழைய வெள்ளி ஜரிகை ஒரு படலமாக ஒளியைத் திருப்பும். புதுப் புடவை வாங்குவதைவிட, உங்கள் குழுவில் யார் வீட்டிலாவது பாட்டியின் முகூர்த்தப் புடவை இருந்தால் கெஞ்சி வாங்கி வருவது நல்லது. மடிப்பில் கிழியும் என்பதால் கட்டும் முன் உள்பக்கம் மெல்லிய மல் துணியை வைத்து நாலு மூலையும் ஓட்டுத் தையல் போட்டுவிடுங்கள்.

மேடை நாட்டிய உடைக்கு வழிகாட்டி ஹாலிவுட்டில் இல்லை, அடையாற்றிலேயே இருக்கிறது. ருக்மிணி தேவி அருண்டேல் 1930களில் பரதநாட்டியத்துக்குப் புது உடை அமைத்தபோது, தியசாபிகல் சொசைட்டியில் இருந்த கசான் என்ற இத்தாலியத் தையல்காரப் பெண்மணி அதைத் தைத்துக் கொடுத்தார். கோயில் சிற்பத்தில் பார்த்த கொசுவ விசிறியைக் கலையாத தையல் உடையாக ஆக்கியது அந்தக் கூட்டு வேலை. பானு அத்தையா ‘பிரம்மச்சாரி’யில் (1968) மும்தாஜுக்கு ஆரஞ்சுப் புடவையை உடம்போடு தைத்து ஜிப் வைத்ததும் இதே தத்துவம்தான்: கட்டியதாகத் தெரிய வேண்டும், ஆடினால் அவிழக் கூடாது.

ஐந்தரை மீட்டர் புடவை ஒன்றில் ரவிக்கை, பைஜாமா, விசிறி, இடுப்புத் துணி, மேலாக்கு எல்லாம் வரும், இரு பக்கமும் பார்டர் இருந்தால். மயிலாப்பூரில் நாட்டிய உடைக்கென்றே தையல்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களிடமே போங்கள். சாதாரண ரவிக்கைத் தையல்காரர் அளவை நிற்க வைத்து எடுத்துவிடுவார். நாட்டிய உடைக்கு அரைமண்டியில் (முழங்காலை மடக்கிப் பாதி உட்காரும் நிலையில்) உட்கார வைத்து அளக்க வேண்டும்: இடுப்பில் இருந்து முழங்கால் வழியாகக் கணுக்கால் வரை, விசிறிக்கு முழங்காலுக்கு முழங்கால் அகலம். கவட்டில் நாலு அங்குலச் சதுரத் துண்டு சேர்க்காவிட்டால் முதல் முழுமண்டியிலேயே தையல் விடும். விசிறி மடிப்பு ஓர் அங்குலம், எல்லாம் ஒரே பக்கம் பார்க்க. மடித்ததும் காகிதம் வைத்துத் தேய்த்து, மேலே மட்டும் தையல். இன்றைய உடையில் அடுக்கடுக்காக மூன்று விசிறி வைக்கிறார்கள், உங்களுக்கு ஒன்று போதும். சம்கி, கல் வேலை எதுவும் வேண்டாம், நெசவு பார்டரே அலங்காரம்.

தமிழில் யார் என்ற கேள்வி நியாயமானது. நம் பழைய டைட்டில்களில் ‘உடை’ என்று ஒரு கார்டு ஓடும். பல படங்களில் தோற்றத்தைத் தீர்மானித்தவர் கலை இயக்குநர், தைத்துக் கொடுத்தவர் காஸ்ட்யூமர். ‘சந்திரலேகா’ (1948) முரசு நடனத்தில் அரங்கமும் உடையும் ஒரே கோடாக ஓடுவதைப் பாருங்கள், ஏ.கே. சேகரின் கலை இயக்கம் அது. எம்.ஜி.ஆருக்குப் பல படங்களில் உடை எம்.ஏ. முத்து. ‘நாடோடி மன்னன்’ (1958) ஒரு பகுதி கருப்பு வெள்ளை, ஒரு பகுதி கேவாகலர் என்ற வண்ணப் பிலிம். ஒரே கதை நடுவில் நிறத்துக்கு மாறும்போது உடை எப்படித் தாங்குகிறது என்று பார்க்க இதைவிட நல்ல பாடம் தமிழில் இல்லை. ராஜா ராணிப் படங்களின் வெல்வெட் கோட்டும் ஜிகினாவும் நாடகக் கம்பெனிகளிடமிருந்தும் ரவிவர்மா படங்களிடமிருந்தும் வந்த சொத்து. வடபழனி, சாலிகிராமம் பக்கம் வாடகைக் கடைகளில் அதன் வாரிசுகளை இன்றும் பார்க்கலாம், ஆனால் உங்கள் கதைக்கு அது தேவைப்படாது. தேசிய விருதுகளில் உடை வடிவமைப்புக்கு இடம் கிடைத்ததே 1984-ஆம் ஆண்டுப் படங்களில் இருந்துதான். அதற்கு முன் உழைத்தவர்களின் பெயர்கள் அந்தக் கார்டுகளோடு ஓடிப்போய்விட்டன. ‘காந்தி’க்காக 1983-இல் ஜான் மோலோவோடு ஆஸ்கர் வாங்கிய பானு அத்தையாதான் ஆஸ்கர் பெற்ற முதல் இந்தியர் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தத் தாமதம் வருத்தமாகவே இருக்கிறது.

ஆதாரத்துக்கு, தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய பாட்டுப் புத்தகங்களும் சினிமா இதழ்களும் இருக்கின்றன. ஆனால் சினிமாவைப் பார்த்துச் சினிமா உடை தைத்தால் நகலின் நகல்தான் வரும். 1950 முதல் 1958 வரையிலான குடும்பக் கல்யாணப் போட்டோக்கள் முப்பதாவது சேர்த்துவிடுங்கள். நடுவில் நிற்கும் மாப்பிள்ளை பெண்ணை விட்டுவிட்டு, ஓரத்தில் நிற்கும் சித்திகளையும் தரையில் உட்கார்ந்த பையன்களையும் பாருங்கள். அன்றாட உடை அங்கேதான் இருக்கும். துணிக்கு பாரிமுனை கோடவுன் தெரு, லேஸ், ஜரிகை, ஹூக்கு வகைக்குச் சௌகார்பேட்டை, கைத்தறிக்கு எழும்பூர் கோஆப்டெக்ஸ்.

புது உடையைப் பழசாக்குவது கடைசி வேலை, அவசரத்தில் எல்லாரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். ‘கான் வித் த விண்ட்’ (1939) படத்தில் வால்ட்டர் பிளங்கெட் ஸ்கார்லெட்டின் ஒரே பருத்தி கவுனைப் பல நகல்களாகத் தைத்து, ஒவ்வொன்றையும் ஒரு படி கூடுதலாக நைந்துபோக வைத்தார். போர் நீள நீள கவுன் தேய்கிறது. உங்கள் அண்ணனின் சட்டைக்கும் அது பொருந்தும். மூன்று தடவை துவைத்து வெயிலில் காய வையுங்கள். காலர் மடிப்பு, கைப்பட்டி விளிம்பு, பேனா வைக்கும் பையின் வாய் ஆகியவற்றில் மட்டும் 120 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். அழுக்குக்கு முல்தானி மிட்டியைத் துணியில் கட்டித் தட்டுங்கள், தெருமண் வேண்டாம். அதில் எண்ணெயும் இரும்பும் இருந்து நிரந்தரக் கறையாகும். எங்கே கை படுமோ, எங்கே உராயுமோ அங்கே மட்டும் தேய வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பழசானால் பொய் என்று உடனே தெரியும்.

கதாநாயகிக்கும் அண்ணனுக்கும் ஒவ்வொரு உடையிலும் இரண்டு செட், மழையோ காப்பி கொட்டுவதோ இருந்தால் மூன்று. ஒவ்வொரு காட்சி முடிந்ததும் முன், பின், இரு பக்கம், கை, முந்தானை முனை என்று ஆறு போட்டோ எடுத்து, காட்சி எண்ணோடு சேர்த்து வையுங்கள். கொசுவத்தில் எத்தனை மடிப்பு என்றும் குறியுங்கள். சென்னை வெயிலில் பட்டு ரவிக்கைக்கு அக்குளில் வைக்க, இரண்டு அடுக்கு மல் துணிக்குள் பஞ்சு வைத்த அரைவட்டப் பேடு எட்டு ஜோடி தைத்துக்கொள்ளுங்கள், ஊசி குத்தாமல் ஓட்டுத் தையலில் மாற்றலாம். இரவல் வாங்கிய பட்டுப்புடவையைப் படப்பிடிப்பு முடிந்த அன்றைக்கே மடித்துப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். வேர்வை ஈரத்தோடு மடித்தால் ஜரிகை கறுக்கும். ஒரு ராத்திரி மின்விசிறிக் காற்றில் கொடியில் போட்டு, மறுநாள் பழைய மடிப்புக்கு மாற்றி மடித்து, பழைய வேட்டித் துணியில் சுற்றித் திருப்பிக் கொடுங்கள். நாப்தலின் உருண்டை ஜரிகைமேல் படக் கூடாது.